போய்ப் பார்ப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் கல்லூரி முடித்துவிட்டு உசிலம்பட்டியில் இருக்கிறேன். ஃபேஸ்புக்கில் கதைகள் எழுதுகிறேன். முன்பு இருநூறு லைக் வரும், இப்போது இருபதைத் தாண்டுவதில்லை. ரீச்சே இல்லை. எக்ஸுக்குப் போவதா, இன்ஸ்டாகிராமா, த்ரெட்ஸா? எந்தத் தளம் பத்து வருடம் நிற்கும்? சமூக ஊடகம் வாசிப்பைக் கொன்றுவிட்டது என்கிறார்களே, உண்மையா? ஜல்லிக்கட்டுப் போராட்டமே அதனால்தானே நடந்தது?

ர., உசிலம்பட்டி

அன்புள்ள ர.,

வாசிப்பைக் கொன்றது யார் என்ற கேள்வியை விட்டுவிடலாம், டிவி வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். ரீச் புலம்பலுக்குக் கடைசியில் வருகிறேன். அதில் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

கடிதம் வந்தபோது நான் ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2004 ஜனவரியில் கூகிள் தொடங்கியது, அதை உருவாக்கிய துருக்கிய எஞ்சினியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. பிரேசிலும் நாமும்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். மதுரை சிம்மக்கல் நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பக்கத்தில் பிளைவுட் தட்டி அடித்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பேன். துபாய்க்குப் போன மேலூர் நண்பன் என் பக்கத்தில் ஸ்கிராப்புக் என்ற செய்திப் பலகையில் எழுதுவான், பதிலை நான் அவன் ஸ்கிராப்புக்கில் போய் எழுத வேண்டும். ஒரு பேச்சு இரண்டு பக்கங்களில் பாதி பாதியாகக் கிடக்கும். அடுத்தவர் வம்பைப் படிக்கக்கூட இரண்டு ஜன்னல்களைத் திறந்து மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ள வேண்டும், அப்படியும் படித்தோம்! டெஸ்டிமோனியல் என்று நண்பனைப் பற்றி எழுதும் பாராட்டு ஒன்று உண்டு, அவன் அக்செப்ட் பண்ணினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அதில் ‘அக்செப்ட் பண்ணிடாதே’ என்று ஆரம்பித்து ரகசியம் எழுதுவார்கள், சிலர் அதையும் அக்செப்ட் பண்ணிவிடுவார்கள், அப்புறம் ஊரே படிக்கும்.

யார் நம் பக்கத்துக்கு வந்து போனார்கள் என்றும் அது காட்டியது. உசிலம்பட்டிக்காரருக்கு மொய் நோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதேதான் இது: அவன் வந்துவிட்டுப் போயிருக்கிறான், நாமும் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

இப்படிப் போய்ப் பார்ப்பதை ஒழித்தது எது? எல்லோரும் லைக் பட்டனைக் கைகாட்டுகிறார்கள். இல்லவே இல்லை. லைக் 2009இல்தான் வந்தது. காரியம் 2006 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, நண்பர்கள் போட்டதையெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும் நியூஸ் ஃபீடை ஃபேஸ்புக் கொண்டுவந்தபோது. அதுவரை அங்கேயும் நண்பனைத் தெரிந்துகொள்ள அவன் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். லட்சக்கணக்கான மாணவர்கள் ஃபீடை எதிர்த்தார்கள். ஜக்கர்பெர்க் விளக்கம் எழுதினார், யாருக்கு எது தெரியலாம் என்று சில கட்டுப்பாடுகள் கொடுத்தார், ஃபீடை மட்டும் எடுக்கவில்லை. அதே மாதம் பதின்மூன்று வயது நிறைந்த எவரும் சேரலாம் என்று கதவையும் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை, எல்லாம் நம் முன்னால் வந்து விழுகிறது. முதலில் நண்பர்கள் போட்டது விழுந்தது, அப்புறம் அதில் எது விழ வேண்டும் என்பதை எந்திரம் முடிவுசெய்தது, டிக்டாக்கில் நண்பனே தேவையில்லாமல் போனான். 2020 ஜூன் 29 அன்று அதைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸை இறக்கியது. ஆப் போச்சு, பழக்கம் எங்கே போச்சு?

ஜல்லிக்கட்டு? சரி, 2017 ஜனவரியில் மதுரை தமுக்கம் மைதானத்தில் அத்தனை பேர் கூடியதில் இந்த ஃபீடுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் கூடுவது வேறு, ஒரு கதைக்கு வாசகன் கிடைப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

எந்தத் தளம் நிற்கும் என்று கேட்கிறீர்கள். ஆர்குட்டை 2014இல் மூடினார்கள், கூகிள் பிளஸை 2019இல். அதே 2019இல்தான் மைஸ்பேஸ் என்ற இன்னொரு பழைய தளத்தில் பன்னிரண்டு வருடமாக மக்கள் ஏற்றிய பாட்டெல்லாம் தொலைந்துபோனது வெளியே தெரிந்தது. எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது ரீச். தம்பி, நீங்கள் கடைசியாக யாருடைய பக்கத்துக்குப் போய், அவர் எழுதியதை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தீர்கள்? கடிதத்தில் உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் பெயர்கூட இல்லை. உங்கள் கதையின் பெயரே இல்லை. இருநூறு, இருபது என்று கணக்கு மட்டும் கச்சிதமாக இருக்கிறது. படித்ததும் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த இருபது லைக் வாங்கிய கதை எது என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சுட்டியை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.