பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும்

வாசகர் கேள்விகளுக்கு மார்த்தாண்டத்திலிருந்து பதில் எழுதுபவர், திருவனந்தபுரத்தில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சிகிச்சை நேரத்தில் பாட்டுக் கேட்பது பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை.

சிஸ்டர், முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை குழாய்க்குள் போனதும் மூச்சு முட்டி, பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே படுத்தால் பயம் தெரியாது என்கிறாள் மகள். செல்போன் கொண்டுபோக விடுவார்களா?
— வாசகி, களியக்காவிளை

விடமாட்டார்கள். செல்போன், ப்ளூடூத், காதுக்குள் சொருகும் இயர்போன் எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பது பெரிய காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பல இடங்களில் அவர்களே ஒரு ஹெட்போன் வைத்திருக்கிறார்கள். அதில் இரும்பு கிடையாது, ரப்பர் குழாயில் காற்று வழியாகப் பாட்டு வரும். தேதி வாங்கும்போதே, "பாட்டு போடுவீங்களா? நான் சொல்ற பாட்டைப் போட முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். படுத்த பிறகு கேட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது.

இன்னொன்று. அந்த மெஷின் 100 டெசிபலுக்கு மேலும் இரைச்சல் போடும். டக்டக், கர்ர்ர் என்று மாறி மாறி அடிக்கும்போது பாட்டில் பாதி காதில் விழாது. அதனால் புதுப் பாட்டு வேண்டாம். வரிக்கு வரி மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாட்டாகப் பாருங்கள். சத்தம் அமுக்கிய வரியை மனசு தானே பாடிக்கொள்ளும். ஹெட்போனே இல்லாத இடத்திலும் அந்தப் பாட்டு உங்கள் கூட வரும்.

நம் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நாலைந்து நிமிஷம். முதுகெலும்பு படத்துக்கு எவ்வளவு நேரம் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். அரைமணி என்றால் ஆறேழு பாட்டு. உள்ளே இருப்பவருக்கு அரைமணி என்பது முடிவில்லாத நேரம், "இது நாலாவது பாட்டு" என்பது கணக்கு. மேஜை நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிவிடுங்கள், மூடிய கண்ணைக் கடைசிவரை திறக்காதீர்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், அமுக்கினால் வந்துவிடுவார்கள். தாளம் போட்டுக் காலை மட்டும் ஆட்டிவிடாதீர்கள், படம் கலங்கிவிடும். இவ்வளவுக்கும் பயம் அடங்காது என்று தோன்றினால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், லேசாக மயக்கம் தரும் மருந்து தருவார்கள். அன்றைக்குத் தனியாக பஸ் ஏறி ஊருக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும், இன்ன ராகம் கேட்டால் சுகர் குறையும் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறதே, உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்று சொல்வது பழைய வழக்கம், கேட்டுத் தூங்குங்கள். சுகருக்கு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இது சம்பந்தமாக ஒழுங்காகச் செய்த வேலையும் இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்த 73 சோதனைகளை ஒன்றாக அலசி 2015-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் மட்டும் குறையவில்லை. அதாவது பாட்டு ஆளைத் தேற்றும், புண் ஆறுகிற நாளில் ஆறும். பாட்டை யார் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அதில் இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாடு, தூக்கம், துணி, எந்தக் கையில் ஊசி என்று எல்லாவற்றையும் நாங்கள்தான் முடிவு செய்கிறோம். அந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது பாட்டு ஒன்றுதான். அதையும் நாமே எடுத்துக்கொள்வதா?

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். முகத்தில் வலை மாதிரி ஒரு முகமூடியை மேஜையோடு பூட்டி ரேடியேஷன் கொடுக்கிறார்கள். பாட்டு போடுகிறார்கள், ஆனால் எல்லாம் மலையாளம். அண்ணன் வில்லுப்பாட்டு என்றால் உயிரை விடுவார். தமிழில் போடச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ?
— வாசகர், குழித்துறை

எதற்குக் கோபிக்கப் போகிறார்கள்? கேரளத்து டெக்னீஷியன் பிள்ளைகள் பலருக்குத் தமிழ்ப் பாட்டு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்து, "சேச்சி, இது அண்ணனுக்குப் பிடிச்சதாக்கும்" என்று சொல்லுங்கள், போதும். முகமூடிக்குள் ஹெட்போன் வைக்க வழியில்லை, அறை ஸ்பீக்கரில்தான் வரும். கதவைச் சாத்தியதும் உள்ளே அண்ணன் மட்டும். ஆனால் வெளியே கேமராவில் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளட்டும்.

வில்லுப்பாட்டு நல்ல யோசனை. ஆனால் முழுக்கதை வேண்டாம். ஒரு நாள் சிகிச்சை பத்து, பதினைந்து நிமிஷம்தான், அதிலும் பாதி நேரம் ஆளைச் சரியாகப் படுக்க வைப்பதில் போய்விடும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போக வேண்டியிருக்கும். கதையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போங்கள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்கு. அடுத்த துண்டைக் கேட்பதற்காகவே மறுநாள் வெளுப்பான்காலத்தில் எழுந்து ரயிலுக்கு வருவார், பாருங்கள். ஒரே ஒரு கண்டிஷன்: கூடவே 'ஆமா' போடக் கூடாது, முனகவும் கூடாது. கதிர் படுகிற இடமே தொண்டைதான், அது அசையக் கூடாது.

ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏறுகிறதா என்று கேளுங்கள். அது சிலருக்குக் காதைப் பாதிக்கும். வீட்டில் இயர்போன் சத்தத்தைக் குறைத்தே வைக்கட்டும். காதில் 'கிய்ய்' என்று இரைச்சல் கேட்டாலும், டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்ல ஆரம்பித்தாலும் அடுத்த ஓபியில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கீமோ ஏறும்போது எனக்கு மிகப் பிடித்த நாலு பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்போது அந்தப் பாட்டு டீக்கடையில் கேட்டால்கூட வயிற்றைப் பிரட்டுகிறது. எனக்கு மனநிலை சரியில்லையோ?
— வாசகி, செங்கோட்டை

உங்கள் மனநிலைக்கு ஒன்றுமில்லை. வாந்தியும் பாட்டும் ஒரே நேரத்தில் வந்ததால் உடம்பு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரி கேட்டைக் கண்டதுமே குமட்டுகிறவர்கள் உண்டு, ஸ்பிரிட் வாசனை பட்டதுமே வாந்தி எடுப்பவர்களும் உண்டு. எங்களுக்கு இது தினசரி சங்கதி. ஊசி ஏறுவதற்கு முன்னாலேயே குமட்டல் வருகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

அந்த நாலு பாட்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதம் போகட்டும், நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம் இருக்கிற நாளில் பையப் பையக் கேட்டுப் பாருங்கள். கீமோ நாளுக்கு உயிரான பாட்டைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்கட்டும். அங்கே சுமாராகப் பிடித்த பாட்டு, பட்டிமன்றம், காமெடி போதும். போனால் போகட்டும் என்று விடக்கூடியதாக இருக்கட்டும்.

மாமனாருக்கு இருதய ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறார். கூடத் துணைக்கு, பைஸ்டாண்டராக நான்தான் நிற்கிறேன். காலையிலிருந்து பக்திப் பாட்டு போட்டால், "அணைச்சுத் தொலை" என்று பெகளம் வைக்கிறார். வயதான காலத்தில் இப்படியா?
— வாசகி, அருமனை

அணைத்துவிடுங்கள் மக்கா! படுத்த படுக்கையில் இருப்பவர் காதில் யாரோ ஓயாமல் சாமி பாட்டுப் போட்டால் அவர் என்ன நினைப்பார்? நம் ஊரில் எந்த வீட்டில் எப்போது விடாமல் பக்திப் பாட்டு கேட்கும் என்று அவருக்குத் தெரியாதா? கோயிலுக்கோ சர்ச்சுக்கோ தவறாமல் போனவர்களும்கூட வார்டில் அதை விரும்பாததைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் வெட்டுத் தொழிலாளி ஒருவர். பிள்ளைகள் சாயா குடிக்கப் போனதும் என்னை அழைத்து, பழைய டூயட் ஒன்று போட முடியுமா என்று ரகசியமாகக் கேட்டார். பிள்ளைகள் முன்னால் கேட்க வெட்கம்! போட்டேன். மானிட்டரில் நாடித்துடிப்பு குறைந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள், நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

மாமனாரிடம் இளவயதில் எந்தப் பாட்டு கேட்பார் என்று விசாரியுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலங்கை வானொலி என்று ஒரு பொற்காலம் உண்டு, அதைத் தொட்டால் பேச்சு தானாக வரும். ஒரு காதில் மட்டும் இயர்போன் வையுங்கள். சிஸ்டர் கூப்பிடுவதும் கேட்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கவும் வேண்டும். 'பாட்டே வேண்டாம்' என்று சொன்னால் அதுவும் அவர் இஷ்டம்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் வரவில்லை. ஆனால் எஃப்எம்மில் பழைய பாட்டு வந்தால் கூடவே இரண்டு வரி தெளிவாகப் பாடுகிறார். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரோ என்று அம்மா அழுகிறார்.
— வாசகர், கம்பம்

அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்: அப்பா நடிக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடி விழுந்தால் வலது கை கால் விழும், பேச்சும் போகும். பழகிய பாட்டுக்கு மூளையில் வேறு வழிகளும் உண்டு. இதை வைத்தே, சொல்லை ராகத்தில் ஏற்றிப் பேச வைக்கும் ஒரு பயிற்சியை 1973-இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். "தண்ணி வேணும்", "வலிக்குது" போன்ற தினசரிச் சொற்களை இழுத்து ராகமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு அசைக்கும் அப்பாவின் இடது கையைப் பிடித்து மெல்லத் தட்டுவார்கள். குமுளி தாண்டிப் போய்க் காட்டுகிறீர்கள் என்றால் தெரபிஸ்ட் மலையாளத்துக்காரராக இருக்கலாம். வீட்டில் அப்பா பேசிய தமிழ்ச் சொற்களை, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதி எடுத்துப் போங்கள்.

மிச்ச நேரத்தில் அவருக்குப் பிடித்ததைக் கேட்கட்டும். பின்லாந்தில் பக்கவாத நோயாளிகள் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தினமும் கேட்டவர்களுக்குச் சொல் ஞாபகமும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தன. பிசியோதெரபியை நிறுத்திவிட்டு ரேடியோ முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

கண்புரை ஆபரேஷன். மரத்துப்போக வெறும் சொட்டு மருந்துதானாம். பாட்டுக் கேட்கலாமா?
— வாசகர், தக்கலை

கேட்கலாம், டாக்டர் சம்மதித்தால். ஆனால் இயர்போன் வேண்டாம். "விளக்கைப் பாருங்க, அசையாதீங்க" என்று அவர் சொல்வது காதில் விழ வேண்டும். தலையாட்டி ரசிக்கிற ஆள் என்றால் பாட்டையே விட்டுவிடுங்கள். தியேட்டரில் டாக்டர் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டிருந்து அது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தி அவர் கையில் இருக்கிறது.