பஞ்சரான டியூபும் ஊதுபத்தி வாசனையும்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு பையன் கேட்டான்: "டியூப் பஞ்சரானா காத்து வெளிய வருது, ஊதுபத்தி கொளுத்தினா வாசனை ரூம் பூரா வருது. ரெண்டுமே அதிகமா இருக்கிற இடத்துலேர்ந்து கம்மியா இருக்கிற இடத்துக்குத்தானே மிஸ் போகுது, அப்புறம் அழுத்தம் தனி, விரவல் (டிஃப்யூஷன், அதாவது தானாகப் பரவிக் கலப்பது) தனின்னு ஏன் படிக்கணும்?" எப்படி விளக்குவது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அருமையான கேள்வி, அவனிடம் சொல்லுங்கள். டியூபுக்குள் அழுத்தம் அதிகம், அதனால் உள்ளே இருக்கிற காற்று மொத்தமாகத் தள்ளப்பட்டு வெளியே பாய்கிறது. நைட்ரஜன், ஆக்ஸிஜன் எல்லாம் ஒன்றாகவே போகும், அழுத்தம் சமமானதும் பாய்ச்சல் நின்றுவிடும். விரவலுக்கு இந்தத் தள்ளலே வேண்டாம். பெட்டியில் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் அதே அழுத்தத்தில் ஆக்ஸிஜன், நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பை எடுத்தால் இரண்டும் தானாகக் கலந்துவிடும். மூலக்கூறுகள் அதுபாட்டுக்கு எல்லாத் திசையிலும் ஓடுகின்றன, எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து தாண்டி வருவதும் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் அது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றில் மோதித் திசை மாறிவிடுகிறது. அசையாத காற்றில் ஒரு வாயு ஒரு மீட்டர் விரவிப் போகப் பல மணி நேரம் பிடிக்கும். ஊதுபத்தி வாசனை ஒரே நிமிஷத்தில் வாசலுக்கு வருகிறதென்றால் ஃபேன் காற்றும் சூடான புகை மேலே கிளம்புவதும்தான் அதைக் கொண்டுவந்தன. விரவலுக்கு ஊதுபத்தியை உதாரணம் காட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

இது வடசென்னைப் பிள்ளைகளுக்கு வெறும் மார்க் சமாச்சாரம் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழாயை விட்டு அதை வெளியே தள்ளியது அழுத்தம், வீடுகள் வரை கொண்டுவந்தது வீசுகிற காற்று. விரவலை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு தூரம் வந்தே இருக்காது. அதனால்தான் வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே விலகிப் போகச் சொல்கிறார்கள். இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

விரவலை மட்டும் தனியாகக் காட்ட வேண்டுமா? ரம்ஜான் சமயத்தில் செய்வார்களே, அந்தக் கடற்பாசியை (அகர் அகர்) சர்க்கரை போடாமல் காய்ச்சி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி உறைய விடுங்கள். மேலே ஒரு ஸ்பூன் நீல மை. உறைந்துவிட்டதால் உள்ளே எந்த ஓட்டமும் கிடையாது, நிறம் கீழே இறங்குவது முழுக்க விரவல்தான். டம்ளரில் ஸ்கேலை ஒட்டி அவனையே குறிக்கச் சொல்லுங்கள். அரை சென்டிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆனதோ, ஒரு சென்டிமீட்டருக்கு அதைப்போல இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். ஏன் நாலு என்று அவன் அடுத்து கேட்பான், அப்போது எழுதுங்கள்.