பள்ளிக்கூட சைக்கிள், ஊரே போட்ட வேகத்தடை, எல்லையில் நிற்கும் பஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளெல்லாம் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார்ப் பக்கத்திலிருந்து. பெரும்பாலும் நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் கேட்டவை. சாலைத் திட்டங்களில் கடைசியாக நினைவுக்கு வருகிறவர்கள் இவர்கள்தான். அதனால் இவர்கள் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது படிக்கும் என் மகன் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறான். எதிரில் வரும் வண்டி கண்ணில் படட்டும் என்று ரோட்டின் வலது ஓரமாகவே போகச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பா திட்டுகிறார். யார் சொல்வது சரி?

அவன் அப்பா சொல்வதுதான் சரி, அம்மா. ஆனால் நீங்கள் சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சு இல்லை. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போக வேண்டும் என்பது நடப்பவர்களுக்கான விதி. நடப்பவர் ஓர் எட்டு வைத்து மண்ணில் இறங்கிவிடலாம். சைக்கிளில் இருப்பவனால் அப்படி இறங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறான், வேன் 60-ல் வருகிறது. இடது ஓரமாகப் போனால் வேன் அவனை நெருங்கும் வேகம் 45. எதிர்த்துப் போனால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்புறம், தோப்புப் பாதையிலிருந்து ரோட்டில் ஏறுகிற டிரைவர் வலப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இடப்பக்கம் திரும்புவார். உங்கள் பையனோ அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருவான்.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் பெரியவர்களுக்கே ஹேண்டில் ஆடும். ரோடு திரும்பி, காற்றைப் பக்கவாட்டில் வாங்குகிற இடம்தான் மோசம். காற்று வருகிற பக்கமாக ஒரு லாரி கடக்கும்போது அது காற்றை மறைத்துவிடும். சைக்கிள் தன்னையறியாமல் லாரிப் பக்கம் சாயும். லாரி தாண்டிய மறுநொடி காற்று மறுபடி வந்து அறையும். லாரிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும் என்று பழக்குங்கள். பையைக் கேரியரில் கட்டுங்கள். ஹேண்டிலில் மாட்டவே கூடாது. பள்ளி நாளில் என் சாப்பாட்டுப் பை காற்றில் ஆடி முன்சக்கரக் கம்பியில் சிக்கியது. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. தார் விளிம்பை ஒட்டியும் ஓட்ட வேண்டாம். புதுத் தார் போட்ட ரோட்டில் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல் பள்ளம் இருக்கும். ஒரு முழம் உள்ளே தள்ளியே போகட்டும். விடிவதற்குள் கிளம்புகிறான் என்றால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள் வண்டிகள் கிளம்புகிற நேரம் அது.

எங்கள் தெருமுனையில் ஒரு பாட்டி அடிபட்ட பிறகு, ஊர்க்காரர்களே காசு போட்டு இரண்டு வேகத்தடை போட்டோம். போன வாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் அதிலேயே தூக்கி எறியப்பட்டார். எடுத்துவிடலாமா?

இந்த வேகத்தடையை எடுத்துவிடுங்கள். வண்டிகளின் வேகத்தைக் குறைக்கக் கேட்பதை மட்டும் விடாதீர்கள்.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரும் அளவுப்படி, வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குவதற்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். அதாவது ஒரு காரளவு நீளத்துக்கு மெல்ல எழும்பி மெல்ல இறங்கும் மேடு. ஊர்க்காரர்கள் போடுவது பெரும்பாலும் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும் சிமென்ட் வரப்பு. கனத்த காரும் லாரியும் அதைக் குலுங்கித் தாண்டிவிடும். பைக்கில் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையோடு வருகிறவர்தான் விழுவார். யாரைக் காப்பாற்றப் போட்டீர்களோ அவர்களையே அது தள்ளிவிடுகிறது.

ஆனால் பாட்டி அடிபட்டதற்குக் காரணம் வேகம் என்பதில் சந்தேகமே இல்லை. நடப்பவர் மீது 50 கிலோமீட்டரில் மோதும் காரைவிட 65-ல் மோதும் கார் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. எனவே பொதுப்பணித் துறைக்கு எழுதுங்கள். அளவுப்படி வேகத்தடை, அதற்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, கறுப்பு வெள்ளைப் பட்டை, இரவில் எரியும் ஒரு விளக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டி எங்கே, எத்தனை மணிக்குக் கடந்தார் என்பதையும் எழுதுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். கேரளத்தில் வார்டுக்கு வார்டு கிராம சபை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சி முழுமைக்கும் ஒன்று, வருடத்துக்கு ஆறு முறை. இரண்டிலும் எழுந்து பேசி, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வரும் டவுன் பஸ் எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. இன்னும் மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். ஏன் வரக்கூடாது?

டிரைவர் மனது வைத்தாலும் வர முடியாது. ஒரு மாநிலத்துப் பெர்மிட் பக்கத்து மாநிலத்தில் செல்ல வேண்டுமானால், இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, எந்தத் தடத்தில் எத்தனை பஸ் என்று முடிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவு அது. அதே பிரிவில் நமக்கு உதவுகிற ஒன்றும் உண்டு: அப்படி ஒரு ஒப்பந்தம் போடுவதற்கு முன் அரசிதழிலும் வட்டார மொழிச் செய்தித்தாளிலும் அறிவித்து, கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது உங்கள் ஊர்ப் பெயர் மனுவில் இருக்கட்டும். அதுவரை, தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கிடைக்கும் இலவசப் பயணம் எல்லையோடு முடிந்துவிடும். கேரளப் பஸ்ஸில் ஏறினால் குறைந்தபட்சம் 10 ரூபாய் என்று 2022 மே மாதம் ஆக்கினார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தினம் இரண்டு வேளை அந்தக் காசு சின்னத் தொகை இல்லை. மனுவில் அதையும் எழுதுங்கள்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கேரளத்தில் மட்டும்தானே?

இல்லை. நாடு முழுக்க ஒரே சட்டம், நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் சேர்த்து. 2023 ஜூனில் கேரளம் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கியதால் அங்கே மட்டும் என்று தோன்றுகிறது.

எல்லையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால், எந்த மாநிலப் போலீஸ் என்னை அலைக்கழிக்கும்?

எந்தப் போலீஸும் அலைக்கழிக்கக் கூடாது, ஐயா. உச்ச நீதிமன்றம் 2016-ல் வகுத்த பாதுகாப்பு 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாக மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வந்துவிட்டது. உதவியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆஸ்பத்திரியில் பணம் கட்டவும் வேண்டியதில்லை. 108 இரண்டு பக்கமும் உண்டு. புகாரும் எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அடிபட்டவருக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை காசில்லாமல் சிகிச்சை தரும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது. ஆஸ்பத்திரி வாசலில் யோசித்து நிற்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

எனக்கு மலையாளம் எழுத வராது. மனுவைத் தமிழில் கொடுக்கலாமா?

தாராளமாக. அரசியலமைப்பின் 350-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.