பூங்கா இடத்துக்கு வேலி: முதலில் தானப் பத்திரத்தைத் தேடுங்கள்

லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்துக்கு, மனைகளை விற்றவரே வேலி போட்டால் தடுக்க முடியுமா என்றால், முடியும். அந்த இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருந்தால் அவருக்கு அதில் உரிமையே இல்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். அந்தப் பட்டாவைக் காட்டித்தான் வேலி போடுவார்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு, லேஅவுட் அனுமதி பெற்ற ஆண்டிலிருந்து வில்லங்கச் சான்று பாருங்கள். பஞ்சாயத்து, நகராட்சி என எழுதி வாங்கியவர் பெயர் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பத்திரத்தை நகலெடுத்து, பட்டா மாற்றக் கேட்டு ஆணையருக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுங்கள். தெருவிளக்கையும் அதிலேயே கேளுங்கள். இருட்டாகக் கிடக்கும் இடத்தில்தான் வேலி சீக்கிரம் முளைக்கிறது.

ஒன்று கவனிக்கணும். லேஅவுட்டின் மொத்த இடம் 3,000 முதல் 10,000 சதுர மீட்டருக்குள் என்றால், பூங்கா நிலத்துக்குப் பதில் மனை பிரிப்பவர் பணம் கட்டவும் விதியில் இடமுண்டு. அப்படிக் கட்டியிருந்தால் விளம்பர நோட்டீஸில் உள்ள பூங்கா செல்லாது, அங்கீகரித்த வரைபடம்தான் பேசும்.