பிறந்த எடை: இந்த வாரக் கேள்விகள்

கே: இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கருத்துப் பிறக்குமா? (களக்காடு)

ப: கருப்பது தாயின் மலம் மட்டும்தான். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

கே: பேத்தி 2.1 கிலோதான். பயப்படணுமா? (வள்ளியூர்)

ப: எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள்? அதை எழுதாமல் எடையை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல? 35 வாரம் என்றால் அது வயதுக்கேற்ற எடைதான். 39 வாரம் என்றால் வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குறைந்திருக்கிறது. எதுவானாலும் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வையுங்கள், 2 மணிக்கொருதரம் பால் கொடுக்கட்டும், குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள்.

கே: 2.8-ல் பிறந்தவன் நாலாம் நாள் 2.6. பால் போதலையோ? (அம்பாசமுத்திரம்)

ப: பத்தில் ஒரு பங்குவரை இறங்கும். இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வராவிட்டால் காட்டுங்கள். ஒரே தராசில், துணியில்லாமல் நிறுக்கணும்.

கே: மருமகளுக்கு 5 மாதம். செக்கப் ஒன்றுகூடத் தவறவில்லை, எடைதான் ஏறமாட்டேங்குது. கஷ்டமான வேலையும் இல்லை, உட்கார்ந்து பீடிதான் சுத்துறாள். (முக்கூடல்)

ப: "பீடிதான்" என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதியே என் பேனா தேய்ந்துவிட்டது. மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள். அது மூச்சிலும் போகும், கைத்தோலிலும் இறங்கும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எண்ணிக்கை குறையக்கூடாதென்று காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குத் தள்ளிப்போகிறது, அதுவும் தூள் ஒட்டிய கையோடு. அட்டையில் செக்கப் தேதி நிறைந்தால் போதுமா? ஹீமோகுளோபின் எத்தனை என்று பார்த்தீர்களா? 11-க்குக் கீழே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிரசவம் முடியும்வரை தட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முடியவே முடியாதென்றால் படுக்கிற அறையிலும் அடுப்படியிலும் தூள் கூடாது. காற்றோடும் திண்ணையில் மூக்கில் துணி கட்டிச் சுற்றட்டும். மணிக்கொருதரம் எழுந்து நடக்கணும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். முட்டையும் பயறும் முதலில் அவள் தட்டில் விழட்டும், மீதிதான் மற்றவர்களுக்கு. முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் நல்லதுதான், மாத்திரைக்கு ஈடாகாது.

கே: வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறேன். செக்கப்? (ராதாபுரம்)

ப: அட்டையும் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) கையோடு போகணும். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.