வாசகர் கேள்வி: பசித்தவன் கட்டிய பாட்டு

கேள்வி: கல்லூரி விழாவில் என் அண்ணன் மகன், எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில், குடித்துவிட்டு பிளாட்பாரத்தில் விழுந்து கிடப்பவரைப் பற்றிக் கேலிப் பாட்டு பாடினான். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப் பாட்டுக் கட்டுவது தப்பா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டுக் கட்டுவது தப்பில்லை அம்மா. கட்டுவது யார், அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இதைப் புரியவைத்தவர்கள் நூறு வருடங்களுக்கு முந்தைய அமெரிக்க ஹோபோக்கள். வீடு வாசல் கிடையாது. சரக்கு ரயிலில் டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு, அறுவடைக்கும் மரம் வெட்டவும் ஊர் ஊராகப் போனவர்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் என்று ஒரு ஊர். அங்கே வேலை வாங்கித் தரும் புரோக்கர்கள் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் காட்டுக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த சில நாளில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஆள், அடுத்த காசு. இந்த அநியாயத்தை ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்தார் தெருமுனையில் நின்று பேசினார்கள். பக்கத்திலேயே, ஏழைகளுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்துப் பிரசங்கம் செய்யும் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பேண்டு முழங்கும். பேச்சு ஒன்றும் காதில் விழாது. சரி, அந்த மெட்டையே எடுத்துக்கொள்வோம் என்று, பேண்டு வாசித்த கிறிஸ்தவப் பாடல்களுக்குத் தங்கள் வார்த்தைகளைப் போட்டுப் பாடினார்கள். தெருவில் பேசத் தடை வந்தது. 1909 நவம்பரில் தொடங்கிய போராட்டத்தில் அந்தத் தடையை மீறி நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள்.

நான் பஜனைக் குழுவில் பதினைந்து வருடம் ஆர்மோனியம் வாசித்தவன். பழகிய மெட்டு எழுந்தால் அடுத்த வார்த்தைக்கு வாய் தயாராகக் காத்திருக்கும். அந்த இடத்தில் வேறு வார்த்தை வந்து உட்கார்ந்தால் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும். ஜோ ஹில் செய்தது இதைத்தான். சுவீடனிலிருந்து வந்த தொழிலாளி அவர். எடுத்துக்கொண்டது 1868ல் விஸ்கான்சினில் ஒரு மருந்துக் கடையில் எழுதப்பட்ட, சொர்க்கத்தைப் பற்றிய கிறிஸ்தவப் பாடல்: ‘அந்த அழகிய கரையில் நாம் சந்திப்போம்.’ சந்திப்பதற்கு ஆங்கிலத்தில் ‘மீட்’. ஹில் முதல் எழுத்தை எடுத்துவிட்டார், ‘ஈட்’ ஆகிவிட்டது. ‘நீ சாப்பிடுவாய், அப்புறமாக, வானத்துக்கு மேலே, செத்த பிறகு உனக்குப் பலகாரம்!’ 1911ல் இது சங்கத்தின் சின்னச் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தில் அச்சானது. நடக்காத வாக்குறுதிக்கு ‘பை இன் த ஸ்கை’, அதாவது வானத்துப் பலகாரம், என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அது பிறந்தது இந்தப் பாட்டில்தான்.

சூப் ஊற்றிக் கொடுத்த கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் உண்மையான இரக்கம் இருந்தது. ஆனால் இன்றைக்குப் பசிக்கிறவனிடம் மறுமையைக் காட்டிப் பொறுத்துக்கொள் என்பது கொடுமை. அந்தக் கொடுமையைத்தான் பாட்டு அடித்தது, பட்டினி கிடந்தவன் வாயாலேயே. இன்னொரு பாட்டு, ‘அல்லேலூயா, நான் ஒரு நாடோடி’. அதுவும் பழைய பக்திப் பாடலின் மெட்டுதான். ‘மற்றவர்கள் மாதிரி நீயும் வேலை செய்யக் கூடாதா?’ என்று ஊர் கேட்கிறது. ‘வேலையே இல்லாதபோது எப்படிச் செய்வேன்?’ என்கிறான் அவன்.

குடிக்கு வருவோம். ஹாரி மெக்கிளின்டாக் என்ற பாடகர் 1928ல் பதிவு செய்த ‘பிக் ராக் கேண்டி மவுன்டன்’, அதாவது பெரிய மிட்டாய் மலை, ஒரு குடிகாரனின் சொர்க்கம். அங்கே பாறையில் சாராயம் ஓடையாக வழிகிறது, சிகரெட் மரத்தில் காய்க்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். அங்கே போலீஸ்காரருக்கு மரக்கால், பாடுகிறவன் துரத்தப்பட்டவன். நாய்களுக்கு ரப்பர் பல், அவன் கடிபட்டவன். கோழி அரைவேக்காட்டு முட்டையாகவே இடுகிறது. அவனுக்கு அடுப்பு கிடையாது. பிற்பாடு குழந்தைகளுக்காகச் சாராய ஓடையையும் சிகரெட் மரத்தையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வடிவம் பிடிக்காது. அதில் மிட்டாய் மட்டும்தான் மிச்சம்.

நாடோடிகளில் சிலர் இப்படிக் கதை சொல்லி வீட்டுப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கூட்டிப் போவது உண்டு. இந்தப் பாட்டு கேலி செய்வது அந்தப் பொய்யை. பழைய வடிவத்தின் கடைசியில், கூட்டிவந்த ஆளை ஒரு பையன் நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறான்: நடந்து நடந்து கால் புண்ணாகிவிட்டது, ஒரு மிட்டாயைக்கூட நான் பார்க்கவில்லை.

உங்கள் அண்ணன் மகனுக்கு இந்தப் பாட்டைக் கேட்கக் கொடுங்கள். அவன் பாட்டில் பிளாட்பாரத்தில் கிடந்தவர் ஒரு வார்த்தையாவது பேசினாரா என்று கேட்டுப் பாருங்கள். பேசவில்லை என்றால் இன்னும் ஒரு சரணம் எழுதச் சொல்லுங்கள். மெட்டு அதேதான் இருக்கட்டும்.