மலைக் கல்லூரி டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது, கோச்சை மாற்றலாமா?

கேள்வி: நான் படித்த மகளிர் கல்லூரியின் முன்னாள் மாணவியர் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் பாஸ்கெட்பால் டீம் மூன்று வருடமாக இன்டர்-காலேஜில் முதல் சுற்றையே தாண்டவில்லை. போன தடவை கோவையில் நாற்பது பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். கோச் மேடம் தொகுப்பூதியத்தில் இருப்பவர். ஜூனில் அவர் வேலையை நீட்டிப்பதா என்று நிர்வாகம் எங்களையும் கேட்டிருக்கிறது. நல்ல மனுஷிதான், ஆனால் ஜெயிக்கவில்லையே. என்ன சொல்லட்டும்?
(ஊட்டியிலிருந்து ஒரு வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: நீட்டிக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் போதாது, இரண்டு வருடம், அதுவும் எழுத்தில்.

நான் கோவையில் ஒரு கல்லூரி டீமில் ஆடியவள். எங்கள் ஐந்து பேரில் நான்கு பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள், விளையாட்டு விடுதியில் எட்டாம் வகுப்பிலிருந்தே காலையும் மாலையும் பந்தோடு இருந்தவர்கள், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலில் பாலும் முட்டையும் தனியாக வரும். ஒரு வருடம் முதல் சுற்றில் நீலகிரியிலிருந்து ஒரு டீம் வந்தது. விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் இருக்கிற 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, இரண்டு பெண்கள் வழியெல்லாம் வாந்தி எடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு கோர்ட்டுக்குள் வந்தார்கள். வந்து அரை மணி நேரத்தில் மேட்ச். என்ன ஸ்கோர் என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை, அவ்வளவு சுலபமாக ஜெயித்தோம்.

ஞாபகம் இருப்பது அதற்கப்புறம் நடந்தது. அவர்களுடைய கோச் எங்கள் கோச்சிடம் வந்து, "உங்க பொண்ணுங்க களைச்சுப் போகலைன்னா என் பிள்ளைங்களோட இன்னும் பத்து நிமிஷம் ஆட விடுங்க, இந்த மாதிரி விடாம நெருக்கிப் பிடிக்கிற பிரஸ் எங்களுக்கு மலையில கிடைக்காது" என்று கேட்டார். ஆடினோம். ஒரு குட்டைப் பெண்ணிடமிருந்து நாங்கள் பந்தைப் பறிக்கும்போதெல்லாம் அவர் ஆட்டத்தை நிறுத்தி உள்ளே வந்து, அவள் பாதத்தைத் தன் ஷூ நுனியால் லேசாகத் தட்டித் திருப்பிவிட்டு, "இப்பப் பாரு, அந்தப் பக்கம் ஆள் தெரியுதா?" என்றார். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. மூன்று தடவை அப்படி. நாலாவது தடவை அந்தப் பெண் என்னையும் இன்னொருத்தியையும் தாண்டிப் பந்தைக் கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருடம் அதே கல்லூரி வந்தபோது கோச் வேறு ஆள். தோற்றதால் மேடத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். அந்தக் குட்டைப் பெண் டீமில் இல்லை. புதிய கோச்சோடும் அவர்கள் முதல் சுற்றில்தான் தோற்றார்கள்.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் மேடத்துக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? கோர்ட் திறந்தவெளி சிமென்ட் என்றால் ஜூனில் கல்லூரி திறக்கும்போதே தென்மேற்கு மழையும் வந்துவிடும், அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு, டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை உறைபனி. ஈர சிமென்டில் லே-அப் (ஓடிவந்து எகிறி ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) பழகினால் முட்டிதான் போகும். கூடலூர், மஞ்சூர் பக்கத்துப் பெண்கள் சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது, அதனால் மழை இல்லாத நாளிலும் நாலரைக்குப் பயிற்சி முடிந்தது. போன வருடம் காய்ந்த கோர்ட்டில் எத்தனை நாள் பயிற்சி நடந்தது என்று அவரிடமே கேளுங்கள். மேட்சுக்குப் போகும் பெண்களுக்கு ஓ.டி. (அந்த நாளுக்கான வருகைப் பதிவு) ஒழுங்காகக் கிடைக்கிறதா, முதல் நாளே கோவைக்கு இறங்கித் தங்கக் காசு உண்டா என்றும் கேளுங்கள். பள்ளியில் நன்றாக ஆடுகிற பெண்ணை எங்களை மாதிரிக் கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. கல்லூரிக்கு வந்து முதல்முறையாகப் பந்தைத் தொட்ட பெண்களை வைத்து அவர் ஆடுகிறார். அந்த நாற்பது பாயின்டில் பாதி உங்கள் நிர்வாகம் விட்டது.

பெரிய இடத்து உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவில் இருக்கிறது. தென் கரோலினா பல்கலைக்கழகம் 2008-ல் டான் ஸ்டேலியைப் பெண்கள் டீமுக்குக் கோச்சாகக் கொண்டுவந்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அதற்கு முன்பே இன்னொரு கல்லூரி டீமைத் தூக்கிவிட்டவர். அவருக்கே முதல் வருடம் 10 வெற்றி, 18 தோல்வி. இரண்டாவது வருடமும் 14 வெற்றி, 15 தோல்வி. விட்டு வைத்தார்கள். 2017, 2022, 2024 என்று மூன்று தேசியப் பட்டம் வந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் டீமின் கோச் ஜீனோ ஆரியம்மா 1985-ல் சேர்ந்தபோது முதல் சீசன் 12 வெற்றி, 15 தோல்வி, முதல் பட்டம் வாங்கப் பத்து வருடம் ஆனது. ஆனால் ஒன்று, இப்படி விட்டு வைக்கப்பட்டு ஜெயித்தவர்களைத்தான் நாம் பேசுகிறோம். விட்டு வைத்தும் ஒன்றும் நடக்காத கோச்சுகளும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அதனால் காத்திருந்தால் கப் வரும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மூன்று வருடத் தோல்வியை மட்டும் வைத்து ஒரு கோச்சை எடை போட முடியாது, அவ்வளவுதான்.

வேறு எதை வைத்துப் போடுவது? ஸ்கோர் ஷீட்டை எடுத்து உட்காருங்கள். ஃப்ரீ த்ரோவை, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி ஷாட்டை, பாருங்கள் முதலில். எதிரில் யாரும் கை நீட்ட மாட்டார்கள், உயரமும் வேகமும் தேவையில்லை, ரிங் எல்லா ஊரிலும் பத்தடிதான். அது முழுக்கப் பயிற்சி. போன வருடத்தைவிட இந்த வருடம் கூடியிருந்தால் அவர் வேலை செய்கிறார். அப்புறம் கடைசி குவார்ட்டர், மேட்சின் நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதி. முதல் குவார்ட்டரில் பதினைந்து பாயின்ட் பின்தங்கின டீம் கடைசி குவார்ட்டரில் ஐந்து, ஆறு பாயின்ட் மட்டுமே பின்தங்குகிறது என்றால் அந்தப் பிள்ளைகள் மேட்ச் நடக்கும்போதே கற்றுக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட, முதல் வருடம் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடமும் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். தோற்கிற டீமில், மழையிலும் பனியிலும், கப் கிடைக்காது என்று தெரிந்தே ஒரு எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் மூன்று வருடம் பயிற்சிக்கு வருகிறாள் என்றால் அந்த கோச்சிடம் ஏதோ இருக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்து மரியாதையாக அனுப்புங்கள். நல்ல மனுஷி என்பதற்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது அவருக்கும் அவமானம்.

இன்னொன்றும் யோசியுங்கள். அவர் போனால் யார் வருவார்கள்? பெரும்பாலும் கீழேயிருந்து சனிக்கிழமை மட்டும் வந்து போகிற ஒரு ஆண் கோச். அமெரிக்காவில் 1972-ல் கல்லூரிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தபோது பெண்கள் டீம்களுக்கு, எல்லா விளையாட்டும் சேர்த்து, பத்தில் ஒன்பது கோச் பெண்கள்தான். பணமும் மரியாதையும் வந்தபிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இங்கே ஒரு பெண் அந்த நாற்காலியில் இருக்கிறார். அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள்.

கேள்வி: என் மகள் ஆடும் டீம் நன்றாக ஜெயிக்கிறது. ஆனால் கோச் பிள்ளைகளை உடம்பைச் சொல்லிக் கேலி செய்கிறார், கணுக்கால் வீங்கியிருந்தபோதும் இறக்கினார். ஜெயிக்கிற டீம், நாம் ஏதாவது சொல்லப்போய் மகளை உட்காரவைத்துவிட்டால் என்று பயமாக இருக்கிறது.
(கோத்தகிரியிலிருந்து ஒரு தகப்பனார்)

பதில்: சார், மாற்ற வேண்டிய கோச் இவர்தான். வீங்கின காலோடு ஒரு மேட்ச் ஆடினால் வாழ்நாள் முழுக்க அந்தக் கால் மடங்கிக்கொண்டே இருக்கக்கூடும், கப்பை அலமாரியில் வைத்துக்கொள்வது கல்லூரி. தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி முதல்வருக்கு எழுதுங்கள், மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கும் ஒரு நகல். இன்னும் இரண்டு பெற்றோரின் கையெழுத்து சேர்ந்தால் உங்கள் மகளை மட்டும் தனியாகப் பிரித்து உட்காரவைக்க முடியாது. டாக்டர் சொல்லும்வரை அவளை நீங்களே இறக்காதீர்கள்.

கேள்வி: காலை ஆறரைக்குப் பயிற்சி. பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது. புதுப் பந்து கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள்.
(குன்னூரிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: பந்தில் குறை இல்லைம்மா, குளிர்தான். மதியம் வெயிலில் காற்று அடித்துவிட்டு இரவு குளிர்ந்த ஸ்டோர் ரூமில் போட்டால் உள்ளே காற்று சுருங்கிவிடும். காலையில் கோர்ட்டுக்கு வந்தபிறகு காற்று அடியுங்கள், தோள் உயரத்திலிருந்து விட்டால் இடுப்பு வரை எழும்ப வேண்டும், அதுதான் அளவு. வெயில் ஏறினதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். கோவைக்கு மேட்சுக்குப் போகும்போது பம்ப்பையும் ஊசியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.